ஓட்டைச் சைலென்சர்

எங்க வீட்டு வண்டி டாடா 207. ரெண்டு பேர் ஓட்டி அலுத்துப்போய் விற்றதை மூணாவது கையாக நாங்கள் வாங்கினோம். இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டித்தான் சாத்த வேண்டும். 'தாட்கோ கடன்ல வந்த வண்டி' என்று ஊருக்குள் பேசிக்கொள்கிறார்கள். தாட்கோவில் வாங்கியிருந்தால் அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. 1974-ல் நம் சனங்களுக்காக ஏற்படுத்திய அரசு நிறுவனம் அது. ஆனால் இந்த வண்டி என் தம்பி பெங்களூரில் பதினோரு வருசம் சென்ட்ரிங் பலகை சுமந்த காசு. ஓசியில் வந்தது என்று சொன்னால்தான் சிலருக்குச் சோறு இறங்குகிறது.

போன வருசம் மார்கழியில் ஒருநாள், ஒகேனக்கல் ஓட்டல்களுக்குத் தக்காளியும் கத்தரிக்காயும் இறக்கிவிட்டுப் பென்னாகரத்துக்கு மலைப்பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவில் சரிந்து கிடந்த கல்லைத் தம்பி பார்க்கவில்லை. அடியில் 'டங்'கென்று ஒரு சத்தம். அப்புறம் வண்டி கத்த ஆரம்பித்தது. ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் எல்லாம் காட்டுக்குள் ஓடின. நாங்களும் அப்போது சிரித்தோம்.

கல்லின் மேல் மட்டும் பழி போட முடியாது. டீசல் எரிந்தால் புகையோடு நீராவியும் வரும். வண்டி நீண்ட தூரம் ஓடிக் குழாய் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகவே வெளியே போய்விடும். எங்களைப்போல இங்கே நாலு கிலோமீட்டர், அங்கே ஆறு கிலோமீட்டர் என்று நின்று நின்று ஓட்டுகிற வண்டியில் அது குழாய்க்குள்ளேயே தண்ணியாகத் தங்கி, இரும்பை உள்ளிருந்து தின்றுவிடும். அதோடு, சைலென்சர் டப்பாவைத் தாங்குகிற ரப்பர் ரெண்டு எப்போதோ அறுந்துபோய், தம்பி கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தான். அது தப்பு. என்ஜின் ஆடும், குழாயும் கூட ஆட வேண்டும். அதற்குத்தான் ரப்பர். கம்பியால் இறுக்கிக் கட்டினால் ஆட்டம் முழுக்க ஒரே இடத்தில், என்ஜினிலிருந்து வரும் குழாயின் கழுத்தில் போய் விழும். அங்கேதான் முறிந்திருந்தது. கல் சும்மா முடித்து வைத்தது.

தார் ரோட்டிலிருந்து எங்கள் காலனிக்குப் போக ஒரே வழிதான். ஊர்த்தெரு முழுக்கக் கடந்து, மாரியம்மன் கோவிலைச் சுற்றி, ஏரிக்கரையில் இறங்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அப்படியே கத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். வேறென்ன செய்ய முடியும்?

மறுநாள் காலையில் பால் ஊற்றப் போன இடத்தில் அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். "என்னப்பா, ராத்திரி ஊரையே எழுப்பிட்டானாமே உம்மவன்? வண்டி வந்ததும் கண்ணு மண்ணு தெரியல போல." அவ்வளவுதான். கெட்ட வார்த்தை கிடையாது, மிரட்டல் கிடையாது. கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். அப்பா வீட்டில் எதையும் சொல்லவில்லை. அம்மாதான் கஞ்சி ஊற்றும்போது மெதுவாகச் சொன்னாள்.

அறுத்துவைத்த தக்காளி காத்திருக்காது என்பதால் அன்றைக்கும் வண்டி எடுத்தோம். ராத்திரி திரும்பி வரும்போது, தெரு ஆரம்பிக்கிற வேப்பமரத்தடியில் தம்பி வண்டியை நிறுத்தினான். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நான் இறங்கிப் பின்னால் போனேன். அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தோள் கொடுத்துத் தள்ளினான். ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும் வண்டி. காலி வண்டிதான், இருந்தாலும் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. வீடுகளில் டிவி சீரியல் அலறிக்கொண்டிருந்தது. பாதித் தெருவில் அந்தத் தெருப் பையன் ஒருத்தன், சைலென்சரை வேணுமென்றே கழற்றிப் போட்ட மோட்டார் சைக்கிளில் டப டபவென்று எங்களைத் தாண்டிப் போனான். ஒருத்தரும் தலையைத் திருப்பவில்லை.

கோவில் தாண்டினதும் இறக்கம். வண்டி தானாக உருண்டது. ஏரிக்கரையில் அப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். சத்தம் வராமல் வண்டி மட்டும் வருவதைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் சைக்கிள்ல இருந்து எறங்கித் தள்ளிட்டுப் போனவன்தான்டா. அது என்ன, பதினஞ்சு இருவது கிலோ. நீங்க லாரியையே எறங்கித் தள்ளுறீங்க. நல்லா முன்னேறிட்டீங்க."

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா சைக்கிள் வாங்கியது எழுபதுகளில். தெரு முனையில் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டி, தள்ளிக்கொண்டு போய்க் கோவில் தாண்டி ஏறிக்கொள்வாராம். அவர் இறங்காமல் போயிருந்தால் அடி விழுந்திருக்கும். அது நேரடியான கொடுமை. அதற்கு இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-ல் நிறைவேறி 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தில், பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, செருப்பு போடுவதைத் தடுப்பது, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது எல்லாம் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் குற்றம் என்று எழுதியிருக்கிறது. படிக்கும்போது எங்கப்பாவின் சைக்கிளை யாரோ பார்த்துவிட்டு எழுதினதுபோல இருந்தது எனக்கு. ஆனால் என் விசயத்தில் நான் யார்மேல் புகார் கொடுப்பது? சாவியைத் திருப்பியது தம்பியின் கை. தள்ளியது என் தோள். இறங்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமலில்லை. 2012 நவம்பர் 7-ஆம் தேதி இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூற்றைம்பதுக்கு மேல் வீடுகளை எரித்தார்கள். அந்த வீடுகளும் பெரும்பாலும் எங்களைப்போலப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்த காசில் எழும்பினவை. வீட்டோடு வாசலில் நின்ற வண்டிகளும் எரிந்தன. அந்த வருசம்தான் நம் பையன்களின் ஜீன்ஸ் பேண்ட்டையும் கூலிங் கிளாசையும் ஒரு குற்றம்போல மேடை போட்டுப் பேசினார்கள். அதற்கப்புறம் காலனிக்குள் வண்டி நிறுத்த ஒரு கணக்கு வந்துவிட்டது. முகப்பில் நிறுத்தாதே, உள்ளே தள்ளி நிறுத்து, மேலே தார்ப்பாய் போடு. எங்கம்மா இன்றைக்கும் ராத்திரி ஒருதரம் எழுந்து வந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சத்தமே ஆகாது என்றால் அதிலாவது ஒரு நியாயம் இருக்கும். ஊரில் சாவு விழுந்தால் நடுராத்திரியிலும் எங்கள் வாசலில் ஆள் வந்து நிற்கும். "மோளத்த எடுத்துக்கிட்டு வாங்கடா" என்று. விடிய விடிய அடிக்க வேண்டும், சத்தம் குறைந்தால் திட்டு விழும். அதே தெருவில், அதே வீடுகளுக்கு முன்னால். அப்போது யார் தூக்கமும் கெட்டதில்லை. தொண்ணூறுகளில் எங்கள் காலனி கூடி இனிமேல் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தபோது அப்பா தன் பறையைப் பரணில் போட்டார். பறை விடுதலையின் கருவி, அதை நாமே கையில் எடுக்க வேண்டும் என்று அப்புறம் தோழர்கள் கலை விழாக்களில் அடித்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்தது. அப்பாவிடம் சொன்னேன். "நீ அடிச்சதில்ல, அதான் ஆசையா இருக்கு" என்றார். ரெண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கு இன்னும் படுகிறது.

வண்டியை நானே சரிபார்க்க முடியும் என்பது ஒரு தைரியம். எட்டாவது பெயிலாகி, பென்னாகரத்தில் ஒரு பட்டறையில் ரெண்டு வருசம் எடுபிடியாக இருந்தவன் நான். 1990, 91 வாக்கில். சேர்ந்த அன்றைக்கு மேஸ்திரி "எந்தத் தெருடா?" என்று கேட்டார். "காலனிங்க" என்றேன். ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, "செரி, குழிக்குள்ள எறங்கு" என்றார். வண்டிக்கு அடியில் வேலை பார்க்கிற குழி. ரெண்டு வருசமும் பெரும்பாலும் அதற்குள்ளேதான். அங்கே டீக்கடைப் பையன் கம்பிக்கூடையில் அஞ்சு கிளாஸ் கொண்டுவருவான். எனக்கு மட்டும் பட்டறைக் கூரையில் செருகிவைத்த ஒரு கிளாஸ். நானே எடுத்து, நானே கழுவி, நானே செருக வேண்டும். ஆனால் டேங்கிலிருந்து டீசல் இறக்க வேண்டுமென்றால் ரப்பர் டியூபை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். முதலில் நான் உறிஞ்சுவேன். டீசல் வரவில்லை என்றால் "நகருடா" என்று மேஸ்திரி அதே டியூபைத் தன் வாயில் வைப்பார். துடைக்கக்கூட மாட்டார். அவசரம். அந்த டியூபில் போன எச்சில் தீட்டில்லை, கிளாசில் பட்டால் தீட்டு. அந்த வயசில் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பம்பாய்த் துணி ஆலைகளில் நம்மவர்களை நெசவுப் பிரிவில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள், நூலை வாய் வைத்துக் கோக்க வேண்டியிருந்ததால் மற்றவர்கள் கூட நின்று வேலை செய்ய மாட்டோம் என்றார்கள் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத்தின் முன்னால் வைத்தார். நூல் அங்கே மானத்தைக் காட்டிக்கொடுத்தது. டீசல் எங்கள் பட்டறையில் பார்த்தும் பார்க்காததுபோல விட்டுவிட்டது. ஏன் என்று யோசித்தால், கூலி வித்தியாசம்தான் தெரிகிறது. நெசவில் சம்பளம் அதிகம். குழிக்குள் இறங்குகிற வேலைக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை.

அண்ணலின் இன்னொரு அனுபவமும் இந்த வண்டி விசயத்தில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். 1929-ல் சாலிஸ்காவ் போயிருந்தபோது அவரை ஏற்றிக்கொள்ள எந்தக் குதிரைவண்டிக்காரனும் தயாராக இல்லை. மகர் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்குப் பிடித்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரை ஓட்டச் சொன்னார்கள். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் மாட்டி, அண்ணல் கல் தரையில் தூக்கியெறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. மேலே படித்த மேதையை ஏற்றிக்கொண்டு போக, தொழில் தெரிந்த ஒரு ஆள் நமக்கு இல்லை. யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அதனால் ஸ்பேனர் பிடிக்கத் தெரிவதை நான் சின்ன விசயமாக நினைப்பதில்லை.

ஆனால் சைலென்சரை உடனே சரிபார்க்க வைத்தது இந்த யோசனைகள் எதுவுமில்லை. அம்மாதான். தள்ளின ராத்திரிக்கு மறுநாள் சர்க்கரை மாத்திரை வாங்க அவளைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போனோம். இண்டூர் தாண்டுவதற்குள் தலை சுற்றுகிறது என்றாள், நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். சர்க்கரை என்று நினைத்தோம். அப்புறம் பார்த்தால் கியர் ராடு ஏறி வரும் ஓட்டையில் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்து, முறிந்த குழாயின் புகை நேராக அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்தியது. பட்டறைக் குழியில் அதை ரெண்டு வருசம் மூச்சாக இழுத்தவன் நான். அதோடு ஓட்டைக் குழாய்க்கு வெறுங்கையால் அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றி, தகரம் போட்டுக் கட்டுவோம். அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

ஆக, தகரம் சுற்றுகிற வேலை வேண்டாம், ஒழுங்காகச் செய்வோம் என்று முடிவு. முதல் நாள் சாயங்காலமே குழாயைத் தலைமாட்டில் பிடித்திருக்கும் மூணு ஸ்டட்டுக்கும் கம்பி பிரஷ் போட்டுத் துரு தட்டி, மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். காலையில் புளியமரத்தடியில், சக்கரங்களுக்குக் கல் அண்டக்கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ரெண்டு பக்கமும் மரக்கட்டை அடுக்கி, அடியில் படுத்தேன். எங்கே ஒழுகுகிறது என்று தேட வேண்டியதில்லை. புகை ஒழுகும் இடத்தில் விளக்குக் கரி பிடித்ததுபோல் கருப்பாகப் படிந்திருக்கும். ரெண்டு நட்டு கழன்றது. மூணாவது முறிந்தது. எதிர்பார்த்ததுதான்.

பெரியம்மா மகன் வெல்டிங் செட்டோடு வந்தான். முறிந்த ஸ்டட்டின் முனையில் ஒரு நட்டை வைத்து வெல்ட் அடித்து, சூடு ஆறுவதற்குள் மெதுவாக முன்னும் பின்னும் திருப்பினால் கழன்றுவரும். அவன் கைப்பக்குவம், ஒரே முயற்சியில் வந்தது. கரண்ட் வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும், டீசல் பைப் பக்கம் ஈரச்சாக்கு போர்த்த வேண்டும். இந்த ரெண்டையும் மறந்து வண்டியை இழந்தவர்கள் உண்டு. குழாயில் அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரிகிற வரைக்கும் அறுத்து எறிந்தோம். மனசு வராது, கொஞ்சம் விட்டுவைக்கலாம் என்று தோன்றும், விடக்கூடாது. அரித்த இரும்பில் வெல்டிங் நிற்காது. காயலான் கடையில் வாங்கிய குழாய்த் துண்டை உறைபோல் மாட்டி, சுற்றிலும் கேஸ் வெல்டிங். மெல்லிய தகட்டில் கரண்ட் வெல்டிங் அடித்தால் ஓட்டை பெரிசாகுமே தவிர அடையாது. சைலென்சர் டப்பாவும் அதே கடையில் எழுநூறு ரூபாய்க்குக் கிடைத்தது. தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, உள்ளே தகடு உதிர்ந்து கலகலக்காததாக எடுத்தேன். பேக்கிங் புதுசு. ரப்பர் ரெண்டு புதுசு. மூணாவதுக்குப் பழைய டயரிலிருந்து பட்டை அறுத்துப் போட்டோம், அது ஒன்றும் மோசமில்லை. கியர் ராடு ரப்பரும் மாற்றினோம்.

எதையும் முதலிலேயே முறுக்கிவிடக்கூடாது. எல்லாவற்றையும் கை முறுக்கில் வைத்து, என்ஜினை ஓடவிட்டு, குழாய் தன் இடத்தைத் தானே பிடித்த பிறகு அணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மூணு பக்கமும் சமமாக முறுக்க வேண்டும். கடைசியில் வால் குழாயைத் துணியால் லேசாக அடைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தேன். ஒரு இடத்தில் மட்டும் சின்னதாக நுரை வந்தது. அரைச் சுற்று முறுக்கினேன், நின்றது.

1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, டிராக்டர் உட்பட எல்லா வண்டிக்கும் சைலென்சர் வேண்டும் என்கிறது. சத்தம், புகை விதிகளை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பின் பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம். எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஓட்டைச் சைலென்சரோடு வண்டி ஓட்டுவது என் உரிமை என்று நான் வாதாட வரவில்லை. அந்த விதி எல்லாத் தெரு வண்டிக்கும்தானே.

சாயங்காலம் அப்பா தானாகவே வந்து வண்டியில் ஏறினார். "தார் ரோடு வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றார். வேலை ஒன்றும் கிடையாது. தம்பி நகர்ந்துகொண்டான், நான் ஓட்டினேன். ஏரிக்கரை ஏறி, கோவிலைச் சுற்றி, ஊர்த்தெருவுக்குள் நுழைந்தேன். ஒரு திண்ணையிலிருந்து கை காட்டி நிறுத்தினான் ஒருவன். என்னைவிடப் பத்து வயசு சின்னவன்.

"என்னப்பா, சத்தத்தையே காணோம். எங்களுக்காக ரெடி பண்ணிட்டியா?"

"எங்கம்மாவுக்குத் தலை சுத்துதுங்க. அதான்" என்றேன். அந்த 'ங்க' வாயிலிருந்து வந்தபிறகுதான் காதில் விழுந்தது. அவன் தலையாட்டினான். கிளட்சை விட்டு வண்டியை எடுத்தேன். ரெண்டாவது கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"மூணு போடு" என்றார் அப்பா. "டீசல் சும்மா வருதா?"